மணிக்கூண்டு வீட்டாரின் பத்தொன்பது மணி நேரம்

அன்று பதினோராம் மாடியில், கதவில் "சுதந்திரம்" என்று எழுதியிருந்த அறைக்குள் இருந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். மணிக்கூண்டு வீட்டுப் பெரியவர். அவர் அச்சகத்தில் முப்பத்தாறு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறவர். அவர் மனைவி. அவருடைய தம்பி, பேருந்துப் பணிமனையில் எலக்ட்ரீஷியன். தம்பி மனைவி, ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. தங்கை, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கம்பெனி தரப்பில் நேர்மைப் பிரிவு இயக்குநர். பாதியில் வந்து சேர்ந்த விளம்பரப் பிரிவுத் தலைவி. நானும் அங்கே இருந்தேன் என்று இப்போது பலர் சொல்லிக்கொள்கிறார்கள். அறையில் இருந்தது ஏழு நாற்காலி. அதிலும் ஒன்று ஆடும்.

மணிக்கூண்டுக்கு எதிரே வீடு என்பதால் மட்டும் அந்த வீட்டுக்கு அப்படிப் பெயர் வரவில்லை. கூண்டில் கடிகாரம் நின்றுபோன நாட்களில் தெருக்காரர்கள் அந்த வீட்டு வாசலைப் பார்த்தே நேரம் தெரிந்துகொள்வார்கள். பெரியவர் குடையோடு படி இறங்கினால் மணி எட்டு நாற்பது. அதில் இரண்டு தலைமுறையாக மாற்றம் இல்லை. அப்பேர்ப்பட்ட வீட்டின் பெயருக்குப் பக்கத்தில், உலகம் முழுக்கப் பார்க்கக்கூடிய ஒரு பட்டியலில், சிவப்பு எழுத்தில் "மோசடி" என்று போட்டிருந்தார்கள். அந்த ஒரு சொல்லை எடுக்கச் சொல்லத்தான் ஐந்து பேரும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

பட்டியல், 'ஏழு கோட்டை' என்ற வீடியோ விளையாட்டை ஆடுகிறவர்களுடையது. பெயர்தான் ஏழு. வெளியான அன்று இருந்தது நாலு கோட்டை. ஐந்தாவது கோட்டையின் வாசலில் "விரைவில்" என்று ஒரு பலகை தொங்கியது. மூன்று வருடத்தில் அந்தப் பலகைக்கு மட்டும் இரண்டு முறை புது வர்ணம் அடித்துவிட்டார்கள்.

பெரியவர் வீடியோ விளையாட்டு ஆடுகிறவர் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரும். வரட்டும். தம்பி விளையாட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்த அன்று, இது என்ன கண்றாவி என்று பார்த்துக் கண்டிப்பதற்காகத்தான் அவர் உட்கார்ந்தார். கண்டிக்க உட்கார்ந்தவர் முதல் கோட்டையின் அகழியைத் தாண்டிவிட்டுத்தான் எழுந்தார். அதற்குள் காப்பி ஆறிவிட்டது.

கணக்குத் தொடங்கும்போது ஆளுக்கு ஒன்று தொடங்கலாம் என்று தம்பி சொல்லிப் பார்த்தான்.

"வீட்டுக்குக் கதவு எண் ஒண்ணு. தபால் பெட்டி ஒண்ணு. கணக்கு மட்டும் எதுக்குடா அஞ்சு?" என்றார் பெரியவர்.

"விளையாட்டுல அப்படித்தான் அண்ணா வழக்கம்."

"இன்னைக்கு ஆளுக்கு ஒரு கணக்கு. நாளைக்கு ஆளுக்கு ஒரு அடுப்பும்பே."

ஆகவே 'மணிக்கூண்டு வீடு' என்ற பெயரில் ஒரே கணக்கு. முறை வைத்துக்கொண்டார்கள். தம்பிக்கு விடியற்காலையில் மூன்று மணி நேரம். பெரியவரின் மனைவிக்குச் சமையல் முடிந்த பிறகு நாலு. மருந்தகத்திலிருந்து திரும்பியதும் தம்பி மனைவிக்கு ஐந்து. தங்கைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் மூன்றரை. கடைசியில் பெரியவருக்கு மூன்றரை. பெட்டிக்குப் பக்கத்தில் கோடு போட்ட நோட்டு ஒன்று இருக்கும். எழுந்திருக்கிறவர் அடுத்தவருக்கு எழுதிவைத்துவிட்டு எழ வேண்டும். "மூன்றாம் கோட்டை மதில்மேல் நிற்கிறேன். இடது பக்கக் காவலன் தூங்குகிறான், எழுப்ப வேண்டாம். குதிரை காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை" என்று பெரியவரின் மனைவி எழுதுவார். அந்த வீட்டில் சண்டை நடந்த நாட்களில்கூட நோட்டில் எழுதுவது நின்றதில்லை. சொல்லப்போனால், சில சண்டைகள் நோட்டின் வழியாகத்தான் தீர்ந்தன.

பெரியவருக்குக் கருத்துகள் உண்டு. விளையாட்டில் ஒவ்வொரு பருவம் முடிந்ததும் அதைத் தயாரித்த கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதுவார். "நாலு கோட்டை கட்டிவிட்டு ஏழு என்று விற்பது, பாதிப் புத்தகத்தை அட்டை போட்டுக் கொடுத்து மீதியைத் தபாலில் அனுப்புகிறேன் என்பதற்குச் சமம். என் வீட்டுக்குள்ளேயே ஆடும் ஆட்டத்துக்கு எதற்கு எந்நேரமும் இணையம் வேண்டும்? ஒரு நாள் வராவிட்டால் 'நேற்று ஏன் வரவில்லை?' என்று விளையாட்டு என்னைக் கேட்கிறது. என் தகப்பனார்கூட அந்தத் தொனியில் கேட்டதில்லை. அதிர்ஷ்டப் பெட்டி என்ற பெயரில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியை விற்கிறீர்கள். சந்தையில் இப்படி விற்றால் ஆளைப் பிடித்துக் கொடுப்பார்கள். பத்து வருடத்துக்கு முந்தைய விளையாட்டுக்கு வெள்ளையடித்துப் புதிது என்கிறீர்கள். காவலர்களின் பேச்சை இப்போது இயந்திரம் எழுதுகிறதாமே. இருநூற்றுப் பன்னிரண்டு பிழைகளை இத்துடன் இணைத்துள்ளேன்."

ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரே பதில் வந்தது: "உங்கள் பேரார்வத்துக்கு நன்றி!" இருநூற்றுப் பன்னிரண்டு பிழைகளுக்கு மட்டும் சிறப்பு மரியாதையாக அவருடைய குதிரைக்கு ஒரு தொப்பி வந்தது.

அந்தத் தொப்பி வந்த வாரத்தில்தான் பட்டியலில் சிவப்பு எழுத்தும் வந்தது. நேர்மைப் பிரிவின் கணினி கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறது. தினம் பத்தொன்பது மணி நேரம். மூன்று வருடம். ஒரு அதிர்ஷ்டப் பெட்டியைக்கூடத் திறந்ததில்லை. மனிதப் பிறவியால் இது முடியாது, ஆகவே மோசடி.

அச்சகத்தில் கேலி பேசினார்கள். அதைப் பெரியவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் தங்கையைத் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். "விளையாட்டு விஷயம்தான் டீச்சர், எனக்குப் புரியுது. ஆனா மோசடின்னு போட்ட வீட்டுக்காரங்க பரீட்சை ஹால்ல நின்னா பெத்தவங்க கேக்கறாங்களே." இருபத்திரண்டு வருடமாகப் பரீட்சைக் கண்காணிப்புக்கு நின்றவரை அந்த வருடம் நிற்க வேண்டாம் என்றுவிட்டார்கள். தங்கை வீட்டுக்கு வந்து, கையைக் கழுவிக்கொண்டு, தன் முறைக்கு மூன்றரை மணி நேரம் விளையாடினார். அன்று நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. அந்த வெற்றுப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெரியவர் முறையீட்டுக்குக் கிளம்பினார்.

முறையீடு செய்ய வழி இருந்தது. கம்பெனியின் முறையீட்டுப் பக்கத்தில் பதினாலு நாள் தொடர்ந்து வருகை போட வேண்டும். ஒரு நாள் தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. முதல் முறை பதின்மூன்றாம் நாள் கரண்ட் போயிற்று. இரண்டாம் முறை பதினாலும் முடித்ததும் ஒரு அதிர்ஷ்டப் பெட்டி கிடைத்தது. திறந்தால் ஒரு மயிலிறகு. நாலாம் முறை திறந்தபோதுதான் சந்திப்பு நேரம் வந்தது.

"சுதந்திரம்" அறைக்குள் ஐந்து பேரும் உட்கார்ந்ததும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. இயக்குநர் நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார்.

"பயப்படாதீங்க. கூட்டத்தைக் கூட்டினவர் முடிச்சு வைக்கிற வரைக்கும் கதவு திறக்காது. நடுவுல யாரும் எழுந்து போகக் கூடாதுன்னு ஒரு ஏற்பாடு. இது வந்த பிறகு எங்க கூட்டங்கள்ல ஈடுபாடு நூறு சதவீதம்."

"ஜெயில்லயும் நூறு சதவீதம்தான்" என்றான் தம்பி. அண்ணன் பார்த்த பார்வையில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சரி, உங்கள்ல விளையாடறவர் யாரு?"

"நாங்க அஞ்சு பேரும்" என்றார் பெரியவர்.

"அப்படி இல்ல சார். மணிக்கூண்டு வீடுங்கற ஆள்."

"அது ஆள் இல்ல. வீடு."

"வீட்டுக்கு விரல் கிடையாதே சார்."

"எங்க வீட்டுக்கு அம்பது" என்றார் பெரியவரின் மனைவி.

இயக்குநர் குறித்துக்கொண்டார். பிறகு பெரியவரின் கடிதக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். எல்லாவற்றையும் அவர் படித்திருந்தார். அது பெரியவருக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"நீங்க கோபமா எழுதியிருக்கீங்க. நியாயம்தான். ஆனா எங்க பக்கத்தையும் யோசிங்க. ஏழு கோட்டையையும் கட்டிக் கொடுத்துட்டா நீங்க என்ன செய்வீங்க? ஏழையும் பிடிப்பீங்க. பிடிச்சுட்டு?"

"எழுந்து போவேன்."

"பாத்தீங்களா!" இயக்குநர் கையை விரித்தார். "எங்க துறையைப் பிடிச்ச வியாதியே அதுதான். ஆளுங்க எழுந்து போயிடறாங்க. பிள்ளைகுட்டியைப் பாக்கறாங்க, தூங்கறாங்க. அதைத் தடுக்க எத்தனை படிச்சவங்க எங்ககிட்ட வேலை செய்யறாங்க தெரியுமா? திருப்தியான மனுஷன் திரும்பி வர மாட்டான் சார். எப்பவும் ஒரு வாய் குறைச்சலாத்தான் பரிமாறணும். முடிஞ்ச விளையாட்டு செத்த விளையாட்டு. நாங்க செத்ததை விக்கறதில்ல."

"இந்த மாதிரிச் சரக்குக்கு நாங்க டாக்டர் சீட்டு கேப்போம்" என்றார் தம்பி மனைவி.

"நன்றிங்க" என்றார் இயக்குநர். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் கதவு வெளியிலிருந்து திறந்து, விளம்பரப் பிரிவுத் தலைவி உள்ளே வந்தார். உள்ளே வர யாருக்கும் தடை இல்லை. கையில் ஆளுயரத்துக்குச் சுருட்டிய படம் ஒன்று. மேசைமேல் விரித்தார். இருட்டில் தனியாக நிற்கும் ஒரு வீரனின் நிழல். கீழே பொன்னெழுத்தில்: "மணிக்கூண்டு வீடு. ஒரு மனிதர். பத்தொன்பது மணி நேரம். உலகின் தலைசிறந்த விசுவாசி."

"இதுல யார் அவர்? அடுத்த வாரம் ரோட்டுல மாட்டப்போறோம், அதுக்கு முன்னாடி ஒரு தடவை கையைப் பிடிச்சுக் குலுக்கலாம்னு வந்தேன்" என்றார் அவர்.

"மேடம், நாங்க இவங்களை மோசடின்னு போட்டிருக்கோம்."

"எப்போ?"

"ரெண்டு மாசமாச்சு."

"எனக்கு யாரும் சொல்லலையே! உங்களுக்கும் எனக்கும் நடுவுல ஒரு சுவர்தானே இருக்கு!"

"உங்க படத்தைப் பத்தி எனக்கும் யாரும் சொல்லலை மேடம்."

இரண்டு பேரும் சிறிது நேரம் அந்தச் சுவரைப் பார்த்தார்கள். பிறகு, நடந்தது என்ன என்று தங்கை எடுத்துச் சொன்னார். ஒரு கணக்கு, ஐந்து பேர், முறை, நோட்டு. தலைவியின் முகம் வெளுத்துக்கொண்டே போயிற்று.

"அஞ்சு பேரா?"

"ஆமா. ஆளுக்குச் சராசரி மூணு மணி நாப்பத்தெட்டு நிமிஷம்" என்றார் தங்கை. கணக்கு டீச்சர்.

"அந்த நம்பரை வெளியில சொல்லாதீங்க, ப்ளீஸ். ஒரே மனுஷன் பத்தொன்பது மணி நேரம் ஆடறார்னு முதலீட்டாளர்கள்கிட்டச் சொல்லியாச்சு. இந்த ஒருத்தரால முடிஞ்சா எல்லாராலயும் முடியும்னு சொல்லி, வரப்போற விளையாட்டை எல்லாம் பத்தொன்பது மணி நேரத்துக்குத்தான் தயார் பண்ணிட்டிருக்கோம். உலகத்துக்கே இவர்தான் அளவுகோல்."

"அப்போ மோசடி யாரு?" என்று தங்கை கேட்டார்.

தலைவி படத்தைச் சுருட்டத் தொடங்கினார்.

இயக்குநர்தான் சுதாரித்துக்கொண்டார். பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துப் பெரியவர் முன்னால் நகர்த்தினார். "இதுல சார் மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டா எல்லாருக்கும் நல்லது. பத்தொன்பது மணி நேரமும் நீங்க ஒருத்தர்தான் ஆடினீங்கன்னு எழுதிக் கொடுக்கறீங்க. ஒரு மணி நேரத்துல சிவப்பு எழுத்து போயிடும். மேடம் படத்தையும் மாட்டிடுவாங்க."

"இவங்க நாலு பேர்?"

"அவங்க பேர் வேற ஒரு பட்டியலுக்குப் போகும். சின்னப் பட்டியல்தான். 'அத்துமீறி நுழைந்தோர்'. அதை யாரும் அவ்வளவா பாக்க மாட்டாங்க."

பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பேனாவை எடுத்தார். எடுக்கவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். வீட்டுப் பெயர்மேல் ஒரு கறை படிந்து இரண்டு மாதம் ஆகிறது. ஒரு கையெழுத்தில் அது போகும். ஆனால் போன பிறகு பெயர் எப்படி நிற்கும்? நாள் முழுக்கப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவனின் பெயராக, நடுரோட்டில், பொன்னெழுத்தில் நிற்கும். மோசடிக்காரன் என்றாலாவது ஏதோ வேலை செய்தான் என்று அர்த்தம்.

"போடுங்க" என்றார் மனைவி. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பேர் பேர்னுதானே சொல்லிட்டிருக்கீங்க. வந்திருக்கு பாருங்க, வாங்கிக்கங்க."

"அக்கா, மாமாவை விடுங்க" என்றார் தம்பி மனைவி.

"நான் என்ன பிடிச்சா வெச்சிருக்கேன்? கதவுதான் பிடிச்சு வெச்சிருக்கு."

பெரியவர் தங்கையைப் பார்த்தார். "உனக்காகத்தான் வந்தோம். நீ சொல்லு."

தங்கை நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார். "மோசடின்னு வீட்டுப் பேர்ல இருக்கற வரைக்கும் அது அஞ்சு பேர் தலைமேலயும் இருக்கு அண்ணா. ஒதுங்கிக்கக் கொஞ்சம் நிழல் இருக்கு. அத்துமீறினவள்னு என் பேரைத் தனியாப் போட்டா வெயில்ல நிக்கணும். ஆனா உங்க இஷ்டம்."

கையெழுத்துப் போடுவதோ போடாததோ பிறகு; படிக்காமல் ஒரு தாளை மேசையை விட்டுத் தள்ளுவது அவருக்குப் பழக்கமில்லை. முதல் வரியிலிருந்து படித்தார். ஆறாவது பத்தியில் நின்றார். உரக்கப் படித்தார்: "'இக்கணக்கைப் பொறுத்தவரை எனக்கு உறவினர் எவரும் இல்லை என உறுதியளிக்கிறேன்.'"

"அது சும்மா சட்டத்துக்காக" என்று இயக்குநர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய போன் மணியடித்தது. எடுத்துப் பார்த்தார். பிறகு போனைத் தூரமாக வைத்துப் பார்த்தார். தூரத்திலிருந்தும் அதே மாதிரிதான் தெரிந்தது போலிருக்கிறது, பெரியவரிடம் நீட்டினார்.

"சார், கொஞ்சம் படிங்களேன். நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனோ என்னவோ."

பெரியவர் படித்தார். "'நாம் எல்லோரும் ஒரே குடும்பம். இந்தக் குடும்பம் வரலாறு காணாத வெற்றியைக் கண்டிருக்கும் இவ்வாண்டில், இனி நமக்கு நேர்மைப் பிரிவு தேவைப்படாது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். இந்த நிமிடம் முதல் உங்கள் கணக்கு நிறுத்தப்படுகிறது. உங்கள் பேரார்வத்துக்கு நன்றி!'"

"சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டீங்க" என்றார்.

"பதினோரு வருஷம் சார். குடும்பம் குடும்பம்னு சொன்னாங்க."

தம்பி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். தலைவிதான் முதலில் கணக்குப் போட்டார். கூட்டத்தைக் கூட்டியவர் இயக்குநர். முடித்துவைக்க வேண்டியவரும் அவர்தான். அவருடைய கணக்கு இப்போது இல்லை. ஓடிப்போய்க் கதவில் தன் அட்டையைக் காட்டினார். அது உள்ளே வருவதற்கான அட்டை. கதவு மரியாதையாக, "கூட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது" என்றது.

"அப்போ நாம வெளியில போக முடியாதா?" என்றார் பெரியவரின் மனைவி.

"கொஞ்ச நேரம்தான்..." என்று தொடங்கிய தலைவி, எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாமல் உட்கார்ந்தார். அவருக்குக் கிடைத்தது அந்த ஆடும் நாற்காலி.

நிறுத்தப்பட்ட இயக்குநர் தண்ணீரைக் குடித்தார், வாயைத் துடைத்தார், படிவத்தை மறுபடி பெரியவர் பக்கம் நகர்த்தினார். "இருந்தாலும் இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க சார். கம்பெனிக்கு நல்லது."

"உங்களைத்தான் அனுப்பிட்டாங்களே" என்றான் தம்பி.

"அதுக்காகக் கம்பெனியை விட்டுக்கொடுக்க முடியுமா?"

பெரியவர் போனையும் படிவத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். முப்பத்தாறு வருடம் பிறர் எழுத்தைப் படித்தவர். எது யார் கை என்று தெரியும். உறவினர் எவரும் இல்லை என்று எழுதச் சொன்னதும், ஒரே குடும்பம் என்று எழுதி ஆளை அனுப்பியதும் ஒரே கைதான்.

பேனாவால் ஆறாவது பத்தியைக் குறுக்கே அடித்தார். ஓரத்தில் எழுதினார்: "விளையாடியவர்கள் ஐந்து பேர்." கீழே தன் பெயர், மனைவி பெயர், தம்பி பெயர், தம்பி மனைவி பெயர், தங்கை பெயர். அவரவர் ஆடிய நேரத்தையும் பக்கத்தில் குறித்தார். கூட்டினால் பத்தொன்பது வருகிறதா என்று தங்கை ஒருமுறை சரிபார்த்தார்.

"ஐயா, அடிச்சுத் திருத்தின படிவத்தை மெஷின் ஏத்துக்காது" என்றார் தலைவி. குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "உங்க வீட்டுப் பேர் அப்படியேதான் இருக்கும். இனிமே எடுக்கவும் முடியாது. எடுக்கறதுக்குன்னு இருந்த பிரிவு இவர்தான்."

"இருக்கட்டும்."

"மோசடின்னு இருக்கும்."

"அஞ்சு பேருக்கும் சேர்த்துத்தானே? இருக்கட்டும்மா."

அதற்குப் பிறகு அந்த அறையில் இரண்டரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. தம்பி கதவின் மின்கம்பியைத் தேடினான், கிடைக்கவில்லை. வெளியிலிருந்து திறக்கச் சொல்லித் தலைவி போன் செய்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கூட்டத்துக்குள் மாட்டியிருந்தார்கள். இயக்குநர் தன் வீட்டுக்குப் போன் செய்து, கூட்டம் நீண்டுகொண்டு போகிறது என்று மட்டும் சொன்னார். பெரியவரின் மனைவி, குதிரைக்கு இன்று யாரும் தண்ணீர் காட்டவில்லை என்றார்.

நாலு மணிக்குக் கதவு வெளியிலிருந்து திறந்தது. வரலாறு காணாத வெற்றியைக் கொண்டாட அந்த அறையை வேறு ஒரு பிரிவு கேட்டு வைத்திருந்தது. கேக்கோடு வந்தவர்கள், முன்பே இத்தனை பேர் வந்து காத்திருப்பதைப் பார்த்து மகிழ்ந்தார்கள். பிறகு கையிலிருந்த பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து, இயக்குநரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, அழைப்பு இல்லாதவர்கள் தயவுசெய்து வெளியேற வேண்டும் என்றார்கள். அவர் மணிக்கூண்டு வீட்டாரோடு லிஃப்டில் இறங்கினார். கீழே வாசலில், பார்வையாளர் என்று ஒரு வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்ட பிறகுதான் அவரை வெளியே விட்டார்கள்.

சிவப்பு எழுத்து இன்றும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தங்கையைப் பரீட்சைக் கண்காணிப்புக்கு இந்த வருடமும் கூப்பிடவில்லை. அவர் வகுப்பெடுக்கப் போகிறார், வருகிறார், தன் முறைக்கு ஆடுகிறார், நோட்டில் எழுதுகிறார். விளையாட்டை ஏன் விட்டுத் தொலைக்கவில்லை என்று கேட்கிறவர்கள் உண்டு. ஐந்தாம் கோட்டைக்குள் நுழையாமல் எழுந்தால் அது தோல்வி என்று பெரியவர் நினைக்கிறார். கம்பெனியும் அவர் அப்படித்தான் நினைப்பார் என்று நினைக்கிறது. பலகைக்கு மூன்றாம் முறையாக வர்ணம் அடித்திருக்கிறார்கள்.

படத்தை ரோட்டில் மாட்டியே விட்டார்கள். அதனால் ஊரில் ஒரு பேச்சு அடிபடுகிறது. மணிக்கூண்டு வீட்டுப் பெரியவர் நாலு கோட்டையையும் தான் ஒருவரே பிடித்ததாகக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம். அது தவறு. மூன்று கோட்டையைப் பிடித்தது தம்பி மனைவி. ஒன்றைப் பிடித்தது பெரியவரின் மனைவி. பெரியவர் பிடித்தது ஒன்றும் இல்லை.